பத்துக்கு ஒன்பது மார்க், ஆனால் வாசிக்க வரவில்லை: இரண்டாம் வகுப்பில் என்னதான் சோதிப்பது?

சாக்பீஸ்தூள் கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். கல்வியாண்டின் நடுவில் ஒரு இரண்டாம் வகுப்பை ஏற்றிருக்கிறேன். வேலைக்குப் புதியவள். எனக்கு முன்னால் இருந்தவர் மதிப்பெண் பதிவேட்டை அத்தனை அழகாக வைத்திருக்கிறார், ஒரு கட்டம் காலியில்லை. ஆனால் யாருக்கு என்ன தெரியும் என்று அதைப் பார்த்து என்னால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஒரு பையன் இருக்கிறான். தமிழில் பத்துக்கு ஒன்பது. பாடத்தைத் திறந்தால் கடகடவென்று வாசிக்கிறான். பக்கத்தில் போய்ப் பார்த்தால் விரல் மூன்றாம் வரியில் நிற்கிறது, வாய் ஐந்தாம் வரிக்குப் போய்விட்டது. அதே பாடத்துச் சொற்களை முன்பின்னாக மாற்றிப் பலகையில் எழுதினேன். திருதிருவென்று முழிக்கிறான்.

ஒரு பெண் இருக்கிறாள். பத்துக்கு நான்கு. கதை சொல்லிவிட்டுக் கேள்வி கேட்டால் எனக்கே தோன்றாத காரணமெல்லாம் சொல்கிறாள். எழுதச் சொன்னால் ஒரு வரி முடிவதற்குள் பீரியடு முடிந்துவிடுகிறது.

கணக்கில் பாதி வகுப்பு 52 − 27 = 35 என்று எழுதுகிறது. அதே பிள்ளைகள் 57 − 22 கொடுத்தால் சரியாகப் போடுகிறார்கள். எனக்குத் தலை சுற்றுகிறது.

முப்பதுக்கு மேல் பிள்ளைகள், நான் ஒருத்தி. உண்மையில் எதைச் சோதிக்க வேண்டும்? எப்போது, எப்படி? அதை எங்கே எழுதிவைப்பது? பெற்றோரிடம் என்ன சொல்வது? வளரறி மதிப்பீடு (கற்கும்போதே பார்ப்பது), தொகுத்தறி மதிப்பீடு (பருவ முடிவில் மொத்தமாகப் பார்ப்பது) என்று பயிற்சியில் படித்ததெல்லாம் நினைவிருக்கிறது. திங்கட்கிழமை காலையில் வகுப்பில் போய் நின்றால் அது எதுவும் கைக்கு வரவில்லை.

---

மூன்றாம்மணி:

வாரம் ஒரு சின்ன டெஸ்ட் வையுங்கள் டீச்சர். வெள்ளிக்கிழமை பத்து கேள்வி, திங்கட்கிழமை திருத்திக் கொடுத்துவிடுங்கள். மாதக் கடைசியில் வரைபடம் போட்டால் யார் ஏறுகிறார்கள், யார் இறங்குகிறார்கள் என்று பளிச்சென்று தெரிந்துவிடும். நான் அப்படித்தான் செய்கிறேன், ஆனால் என் வகுப்பு ஐந்தாவது.

---

ஒண்ணாங்கிளாஸ் வாத்தியார்:

மூன்றாம்மணி சார் சொல்வது ஐந்தாம் வகுப்புக்கு ஓடும். ஆறேழு வயதுப் பிள்ளைக்கு வார டெஸ்ட் வைத்தால், பரீட்சை எழுதுவது எப்படி என்பதைத்தான் அந்தப் பிள்ளை கற்றுக்கொள்ளும். டீச்சர் சொல்லும் பையன் அதை நன்றாகவே கற்றுக்கொண்டுவிட்டான், ஒன்பது மார்க் வாங்குகிறானே!

நான் ஓய்வு பெறும்வரை ஒன்று, இரண்டு வகுப்புகளைத் தவிர வேறெதுவும் எடுத்ததில்லை. பெரிய வகுப்பு தருகிறோம் என்றார்கள், வேண்டாம் என்றுவிட்டேன். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வாசிப்பு. அந்த ஒன்பது எதை அளந்தது என்று பாருங்கள். கேள்வி பதிலைப் பலகையில் எழுதிப் போட்டு, நோட்டில் எழுதவைத்து, வீட்டில் மனப்பாடம் செய்யச் சொல்லி, அதே கேள்வியைத் தாளில் கேட்டால் ஞாபக சக்திக்கு ஒன்பது கிடைக்கும். வாசிப்புக்கு மார்க்கே போடவில்லை. வாசிப்பைச் சோதிக்க ஒரே வழி, பிள்ளை இதுவரை பார்க்காத ஒரு சின்னப் பத்தியைக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து காதால் கேட்பது. எதிரே உட்காராதீர்கள், அது விசாரணை மாதிரி இருக்கும். நாற்பது ஐம்பது சொல் போதும். படம் இருந்தால் மறைத்துவிடுங்கள். இந்த வயதில் பாதிப் பேர் படத்தைத்தான் வாசிப்பார்கள்.

உங்கள் கையில் அதே பத்தியின் இன்னொரு பிரதி இருக்கட்டும். சரியாக வாசித்த சொல்லுக்கு மேல் ஒரு டிக். தப்பாக வாசித்தால் வெறும் பெருக்கல் குறி போடாதீர்கள், பிள்ளை வாயிலிருந்து என்ன வந்ததோ அதை அப்படியே எழுதுங்கள். விட்டுவிட்ட சொல்லுக்கு ஒரு கோடு. தானே திருத்திக்கொண்டால் ‘தி’. திருத்திக்கொண்டதைத் தவறில் சேர்க்கக் கூடாது. தன் காதில் விழுந்தது அர்த்தமாகவில்லை என்று உணர்ந்த பிள்ளைதான் திரும்பிப் போகும். நியூசிலாந்தைச் சேர்ந்த மேரி கிளே ஏற்படுத்திய முறை இது, உலகம் முழுக்கத் தொடக்கப் பள்ளிகளில் புழங்குகிறது. நூறு சொல்லில் தொண்ணூற்றைந்தோ அதற்கு மேலோ சரியென்றால் அந்தப் பத்தி பிள்ளைக்குச் சுலபம். தொண்ணூறிலிருந்து தொண்ணூற்று நான்கு வரை என்றால் உங்கள் துணையோடு கற்கத் தோதான பத்தி. தொண்ணூறுக்குக் கீழே போனால் அதைக் கொடுத்துப் பிள்ளையை வதைக்காதீர்கள்.

ஆனால் அந்தக் கணக்கு ஆங்கிலத்துக்காகப் போட்டது. அங்கே சொற்கள் குட்டி குட்டியாக இருக்கும். நம் மொழியில் ‘படித்துக்கொண்டிருந்தார்கள்’ என்பது ஒரே சொல். ‘படித்து’ வரை சரியாக வந்து வாலில் தடுக்கி விழுந்த பிள்ளையும், முதல் எழுத்திலேயே நின்றுவிட்ட பிள்ளையும் ஒன்றா? சதவீதத்தை ரொம்ப நம்ப வேண்டாம். நான் சொல்லின் தலையில் தப்பா, வாலில் தப்பா என்று தனித்தனியாகக் குறிப்பேன். வாலில் மட்டும் தப்பு வருகிற பிள்ளைக்கு எழுத்து தெரியும், நீளம்தான் பயமுறுத்துகிறது. அதற்குப் பாடமே வேறு.

இப்போது முக்கியமான இடம். ஐந்தாறு பிள்ளைகளிடம் இப்படிக் கேட்டதும் தப்புகள் கூட்டம் கூட்டமாகச் சேர ஆரம்பிக்கும். தமிழில் அவை எங்கே ஒளிந்திருக்கும் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

புள்ளியைக் கண் தாண்டிப் போகும்: ‘பட்டம்’ என்பதைப் ‘படம்’ என்பார்கள், ‘பாட்டு’ என்பதைப் ‘பாடு’ என்பார்கள். குறில் நெடில் குழம்பும்: பல், பால். எரி, ஏரி. கொடு, கோடு. கொம்பு இருக்கிறதே, அது தனிச் சங்கடம். கண்ணுக்குக் கொம்பு முதலில் தெரிகிறது, வாயில் அது பின்னால்தான் வர வேண்டும். ‘கொ’, ‘கோ’ என்றால் எழுத்துக்கு இரண்டு பக்கமும் காவல் நிற்கிறது. கா, கி, கீ வரை ஓடிவந்த பிள்ளை கெ, கே, கொ, கோவில் நின்றுவிடும். அடுத்தது உகர ஊகார வரிசை. ஆகாரம் என்றால் எந்த எழுத்துக்கும் அதே கால்தான். உகரத்தில் கு ஒரு மாதிரி, சு ஒரு மாதிரி, து ஒரு மாதிரி. ஒன்றைக் கற்றால் இன்னொன்று தானாக வராது, ஒவ்வொன்றாகத்தான் பழக வேண்டும்.

247 எழுத்தையும் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. உயிர் 12, மெய் 18, அதற்கு மேல் குறிகள். இந்தக் குறிகளில் எது வரவில்லை என்று தெரிந்துவிட்டால் அடுத்த வாரம் என்ன நடத்துவது என்பது தெரிந்துவிடும். அதற்குத்தானே சோதிக்கிறோம்.

ல, ள, ழ விஷயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். ‘பழம்’ என்பதைப் ‘பளம்’ என்று வாசிக்கிற பிள்ளை அந்த எழுத்தை அடையாளம் கண்டுகொண்டதா என்று பாருங்கள். வீட்டில் யாரும் ழகரம் சொல்லாவிட்டால் வாய் அப்படித்தான் வரும். பழத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டிவிட்டால் வாசிப்பில் குறையில்லை, உச்சரிப்புக்குத் தனியாக உட்காரலாம். எழுதும்போது ண, ன மாறுவதும் தனிக் கதை.

வாசித்து முடித்ததும் இரண்டே கேள்வி. ஒன்றுக்குப் பத்தியில் பதில் இருக்க வேண்டும், இன்னொன்றுக்கு இருக்கக் கூடாது, பிள்ளையே யோசித்துச் சொல்ல வேண்டும். தடுமாறினால் அதே அளவுள்ள இன்னொரு பத்தியை நீங்கள் வாசித்துக் காட்டி, அதே மாதிரிக் கேளுங்கள். காதால் கேட்டால் புரிகிறது, கண்ணால் வாசித்தால் புரியவில்லை என்றால் எழுத்தில் சிக்கல். காதால் கேட்டும் புரியவில்லை என்றால் எழுத்துப் பயிற்சி எத்தனை கொடுத்தும் பிரயோசனமில்லை, பேச்சும் கதையும் சொல்வளமும் வேண்டும். கஃப், டன்மர் என்ற இருவர் 1986-இல் இதைப் பெருக்கல் கணக்காகவே எழுதிவைத்தார்கள்: எழுத்தைச் சொல்லாக்கும் திறனை மொழி புரியும் திறனால் பெருக்கினால் வருவது வாசிப்பு. இரண்டில் ஒன்று பூஜ்ஜியமானால் விடையும் பூஜ்ஜியம். உங்கள் பையனும் அந்தப் பெண்ணும் இந்தக் கணக்கில் எங்கெங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள். பையனுக்கு முதல் எண் சின்னது, இரண்டாவதை இன்னும் யாரும் பார்க்கவே இல்லை. பெண்ணுக்கு இரண்டாவது பெரியது, முதலாவது தெரியாது. எழுதுவது மெதுவாக இருக்கிறது என்று மட்டும்தான் தெரியும், அது கை சம்பந்தப்பட்டதாகக்கூட இருக்கலாம்.

பையனின் மனப்பாடத்தைக் குறையென்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அவனுக்குப் பாடம் முழுக்கத் தெரியும். மெதுவாகச் சொல்லச் சொல்லி, சொல்லுக்குச் சொல் விரல் வைக்கச் சொல்லுங்கள். வாயும் விரலும் ஒரே சொல்லில் நிற்கப் பழகியதும், நடுவில் நிறுத்தி ‘இது என்ன சொல்?’ என்று கேளுங்கள். வரியின் தொடக்கத்திலிருந்து முணுமுணுத்துக்கொண்டு வந்து சொல்வான், சொல்லட்டும். நாள் போகப் போக அந்த முணுமுணுப்பு குறைகிறதா என்று பார்ப்பதே ஒரு மதிப்பீடு.

கணக்குக்கு நாளை எழுதுகிறேன். கண் வலிக்கிறது.

---

ரெட்டைப்பிள்ளை அம்மா:

ஆசிரியர்கள் பேசிக்கொள்ளும் இடத்தில் ஒரு பெற்றோர் புகுந்துவிட்டேன், மன்னிக்கவும். சார் சொல்வதெல்லாம் நன்றாக இருக்கிறது. ஆனால் மார்க்கை எடுத்துவிட்டு என்ன தருவீர்கள்? என் இரண்டு பிள்ளைகளுக்கும் இந்த வருடம் ரிப்போர்ட் கார்டில் எண்ணே கிடையாது. ‘ஆர்வத்துடன் பங்கேற்கிறார்’, ‘மேலும் முயற்சி தேவை’. இரண்டு பேர் கார்டையும் மாற்றி வைத்தால் எனக்கே அடையாளம் தெரியாது, அவ்வளவு ஒரே மாதிரி. எதில் முயற்சி? எவ்வளவு? யார் செய்ய வேண்டும், நானா பிள்ளையா? பத்துக்கு நான்கு என்றாலாவது பயந்துபோய் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பேன்.

---

ஒண்ணாங்கிளாஸ் வாத்தியார்:

அம்மா, நீங்கள் புகுந்தது நல்லதாயிற்று. ‘மேலும் முயற்சி தேவை’ என்பது மார்க்கைவிட மோசம். எந்தப் பிள்ளைக்கும் எந்த நாளும் பொருந்தும் வாக்கியம் அது. அதை எழுதியவர் உங்கள் பிள்ளையைப் பார்த்து எழுதவில்லை.

ரூத் பட்லர் என்பவர் பெரிய வகுப்புப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 1988-இல் வந்தது. ஒரு குழுவுக்கு வெறும் மதிப்பெண், ஒரு குழுவுக்கு வெறும் குறிப்பு, இன்னொன்றுக்கு இரண்டும். குறிப்பு மட்டும் வாங்கிய குழு அடுத்த வேலையில் முன்னேறியது. இரண்டும் சேர்த்து வாங்கியவர்கள் மார்க் மட்டும் வாங்கியவர்கள் மாதிரியே இருந்துவிட்டார்கள். பக்கத்தில் எண் இருந்தால் கண் எண்ணிலேயே நின்றுவிடுகிறது. ஆனால் அதில் கொடுத்தது உருப்படியான குறிப்பு. எதைச் சரியாகச் செய்திருக்கிறாய், எங்கே என்ன செய்யலாம் என்று சொல்லும் குறிப்பு. ‘ஆர்வத்துடன் பங்கேற்கிறார்’ அல்ல.

டீச்சரின் நான்கு மார்க் பெண்ணுக்கு நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்: ‘கேட்ட கதையைத் தன் சொற்களில், காரணத்தோடு, வரிசை மாறாமல் சொல்கிறாள். மூன்று எழுத்துச் சொற்களை உதவியின்றி எழுதுகிறாள். ஒரு முழு வரி எழுத நேரம் ஆகிறது, பென்சிலை மிக அழுத்திப் பிடிக்கிறாள். அடுத்த மாதம் வரை அவள் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன், கடைசி வாக்கியத்தை மட்டும் அவள் எழுதுவாள். வீட்டில் எழுத்துவேலை கூட்ட வேண்டாம், தினமும் ஒரு கதை பேசினால் போதும்.’ இதைப் படித்தால் யார் என்ன செய்ய வேண்டும் என்று தெரிகிறதா இல்லையா?

பயந்துபோய் உட்காருவேன் என்றீர்களே, அந்தப் பயம் பிள்ளைக்கும் தொற்றும். வீட்டில் இன்னொரு பரீட்சை வேண்டாம் அம்மா.

இப்போது கணக்கு.

52 − 27 = 35, 57 − 22 = 35. இரண்டிலும் பிள்ளை செய்தது ஒன்றேதான், அதனால்தான் ஒரே விடை. பெரிய இலக்கத்திலிருந்து சின்னதைக் கழிக்கிறது: ஏழில் இரண்டு போனால் ஐந்து, ஐந்தில் இரண்டு போனால் மூன்று. மேலே எது, கீழே எது என்ற கவலையே இல்லை. 57 − 22-இல் அந்த முறை சரியான விடையைத் தந்துவிடுகிறது, நீங்களும் டிக் போட்டுவிடுகிறீர்கள். தாளில் ஐந்து கணக்கு கொடுத்து நான்கு கடன் வாங்காத கணக்காக இருந்தால், கழித்தலே புரியாத பிள்ளை ஐந்துக்கு நான்கு வாங்கிவிடும். பதிவேட்டில் கட்டம் நிரம்பிவிடும்.

அதனால் தப்பான முறை இருந்தால் தப்பான விடையாக வெளியே வந்து நிற்கிற மாதிரிக் கணக்குகளைப் பொறுக்கி எடுங்கள். எனக்குப் பிடித்தது 60 − 24. சரியான விடை 36. ஒரு பிள்ளை 44 எழுதும், அது மேலே சொன்ன ஆள். ஒரு பிள்ளை 40 எழுதும்: பூஜ்ஜியத்திலிருந்து நான்கைக் கழிக்க முடியாது, அதனால் பூஜ்ஜியத்தையே வைத்துவிட்டது. ஒரு பிள்ளை 46 எழுதும்: கடன் வாங்கத் தெரிந்திருக்கிறது, கொடுத்த இடத்தில் ஒன்று குறைக்கவில்லை. மூன்றும் தப்பு, மூன்றுக்கும் ஒரே பெருக்கல் குறிதான் போடுவோம். ஆனால் 46 எழுதிய பிள்ளை விடைக்குப் பக்கத்து வீட்டில் நிற்கிறது, 44 எழுதிய பிள்ளைக்குப் பத்துக்கட்டு, ஒற்றைக்குச்சி என்று தரையிலிருந்து தொடங்க வேண்டும். ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இருவர் 1978-இல் பிள்ளைகளின் கழித்தல் தப்புகளை ஆராய்ந்து, அவற்றில் பல கவனக்குறைவால் வருவதில்லை, தவறான ஒரு விதியைப் பிள்ளை ஒழுங்காகப் பின்பற்றுவதால் வருகிறது என்று காட்டினார்கள். நம் ஊர் வாத்தியார்களைக் கேட்டால் ‘கவனமில்லை’ என்று ஒரே சொல்லில் முடித்திருப்பார்கள். நானும் வாத்தியார்தான், சொல்லலாம்.

இன்னும் சில, சுருக்கமாக. ‘நூற்று இருபத்து மூன்று’ என்று வாயால் சொல்லி எழுதச் சொல்லுங்கள். 10023 என்று எழுதினால் இடமதிப்பு இன்னும் வரவில்லை, காதில் விழுந்ததை விழுந்த வரிசையில் எழுதுகிறது. 87-இலிருந்து 103 வரை எண்ணச் சொல்லுங்கள். 89-க்கு அடுத்தும் 100-க்கு அடுத்தும் என்ன ஆகிறது என்று பாருங்கள். 8 + 4 = __ + 5 எழுதிப் போடுங்கள். 12 அல்லது 17 எழுதுகிறவர்களுக்குச் சமக்குறி என்றால் ‘விடையை இங்கே எழுது’ என்று அர்த்தம், இரண்டு பக்கமும் சமம் என்று அல்ல. பெரிய வகுப்புகளிலும் இதில் தடுமாறுகிறார்கள்.

ஒன்றாம் வகுப்புக்கு வந்த புதிதில் நான் வைக்கும் முதல் சோதனை: ஏழு விதைகளைப் போட்டு எண்ணச் சொல்வேன். எண்ணி முடித்ததும் ‘மொத்தம் எத்தனை?’ என்பேன். சில பிள்ளைகள் மறுபடி ஒன்று, இரண்டு என்று ஆரம்பிக்கும். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது இன்னும் பிடிபடவில்லை. ஆனால் நூறு வரை பாட்டாகச் சொல்லும், அதைக் கேட்டு நாம் மகிழ்ந்துபோவோம்.

எதற்கும் ‘எப்படிப் போட்டாய்?’ என்று கேளுங்கள், சரியான விடைக்கும்தான். தப்பானபோது மட்டும் கேட்டால் அந்தக் கேள்வி வந்ததுமே பிள்ளை அழிரப்பரைத் தேடும்.

நேரம் எங்கே என்று கேட்டீர்கள். முப்பது பேரையும் ஒரே நாளில் பார்க்க நினைத்தால் ஒருவரையும் பார்க்க முடியாது. மற்றவர்கள் வரைந்துகொண்டோ ஜோடியாக வாசித்துக்கொண்டோ இருக்கும்போது தினம் நான்கு பேர், ஆளுக்கு ஐந்து நிமிடம். இரண்டு வாரத்துக்குள் வகுப்பு முழுக்க ஒரு சுற்று வந்துவிடும். தடுமாறுகிறவர்களை மட்டும் அடுத்த சுற்றுக்குக் காத்திராமல் இடையிலேயே பாருங்கள். முழு வகுப்புக்கு சிலேட்டைவிட நல்ல கருவி இல்லை. கணக்கைச் சொல்லுங்கள், எல்லோரும் எழுதட்டும், ‘தூக்கு’ என்றதும் தூக்கட்டும். ஒரு பார்வையில் வகுப்பு முழுக்கத் தெரிந்துவிடும். கை தூக்கச் சொல்லிக் கேட்டால் தெரிந்த நாலு பேர்தான் எப்போதும் தூக்குவார்கள்.

கேள்வி கேட்டதும் வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடியாக்கியதும் பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகள் பேசின. மூன்று நொடி சும்மா நிற்பது எத்தனை கஷ்டம் என்று நின்று பார்த்தால் தெரியும்.

எழுதிவைப்பதற்கு ஒரு தடித்த நோட்டு, பிள்ளைக்கு இரண்டு பக்கம். தேதி போட்டு, கண்ணால் பார்த்ததை, காதால் கேட்டதை மட்டும் எழுதுங்கள். ‘சோம்பேறி’ என்று எழுதாதீர்கள், அது நீங்கள் பார்த்தது அல்ல, நினைத்தது. ‘நன்றாகப் படிக்கிறான்’ என்பதும் அதே ரகம்தான். ‘ஒகரக் குறி வந்த ஆறு சொற்களில் இரண்டு சரி’ என்று எழுதினால் அடுத்த மாதம் ஒப்பிட முடியும்.

---

கண்ணும்காதும்:

நான் சிறப்புக் கல்வியாளர். வாத்தியார் ஐயா சொன்னதற்கு முன்னால் செய்ய வேண்டிய ஒன்று விட்டுப்போனது.

பலகையைப் பார்த்து எழுதும்போது தப்பு, புத்தகத்தைப் பார்த்து எழுதினால் சரி என்றால் தமிழையோ கணக்கையோ சோதிக்காதீர்கள், கண்ணைச் சோதிக்க அனுப்புங்கள். தூரப்பார்வை மங்கலாக இருக்கும் பிள்ளை அதைச் சொல்லாது. எல்லோருக்கும் உலகம் அப்படித்தான் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும். அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைகளுக்கு நடுக்காதில் நீர் தேங்கிக் காது சில வாரம் மந்தமாகும், பிறகு சரியாகும், மறுபடி வரும். ஒரு நாள் பதில் சொல்லும், ஒரு நாள் சொல்லாது. நாம் அதற்கு ‘பிடிவாதம்’ என்று பெயர் வைத்துவிடுவோம். பக்கத்தில் நிற்கும்போது மட்டும் சொன்னதைச் செய்கிறதா, மற்றவர்களைப் பார்த்துவிட்டுச் செய்கிறதா என்று கவனியுங்கள்.

வயதையும் மாதக்கணக்கில் பாருங்கள். ஒரே வகுப்பில் மூத்த பிள்ளைக்கும் இளைய பிள்ளைக்கும் ஏறக்குறைய ஒரு வருட இடைவெளி இருக்கலாம். ஆறு வயதில் அது வாழ்ந்த காலத்தில் ஆறில் ஒரு பங்கு. பதிவேட்டில் பிறந்த தேதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மார்க்கைப் பார்த்தால் ‘மெல்லக் கற்பவர்’ பட்டியலில் பாதிப் பேர் கடைசி மாதங்களில் பிறந்தவர்களாகக்கூட இருக்கலாம். வீட்டில் பேசும் மொழி வேறாக இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

இந்தப் பையனுக்கு ‘டிஸ்லெக்ஸியா’ (வாசிப்புக் குறைபாடு) என்று யாராவது பெயர் சூட்ட வந்தால் நிறுத்துங்கள். முறையாக யாரும் அவனுக்கு வாசிப்பு சொல்லிக்கொடுத்ததாகவே தெரியவில்லை. குறிகளைத் தெளிவாகச் சொல்லிக்கொடுத்து, சில மாதம் தொடர்ந்து பயிற்சி கொடுத்து, அப்போதும் நகராவிட்டால் முறையான மதிப்பீட்டுக்கு அனுப்பலாம். நகராவிட்டால் தாமதமும் செய்யாதீர்கள். ‘வளர்ந்தால் சரியாகிவிடும்’ என்று மூன்றாம் வகுப்பு, நான்காம் வகுப்பு என்று தள்ளிக்கொண்டே போனால் பிறகு கஷ்டம்.

---

சாக்பீஸ்தூள்:

எல்லோருக்கும் நன்றி. ஐயா சொன்ன மாதிரி ஒரு சுற்று முடித்துவிட்டேன்.

பையனுக்கு க, ங, ச என்று குறியில்லாத எழுத்துகள் எல்லாம் தெரிகின்றன. கால், இகர ஈகாரக் குறிகள் சரி. எகரத்திலிருந்து ஓகாரம் வரை எதுவுமே இல்லை. புள்ளியைப் பார்ப்பதே இல்லை. காதால் கேட்டால் நன்றாகப் புரிகிறது. அதாவது வகுப்பே அவனைக் கெட்டிக்காரன் என்று நம்புவது பொய்யில்லை, அவன் இத்தனை நாளாக அதை வைத்துத்தான் சமாளித்திருக்கிறான். அந்தப் பெண் பார்க்காத பத்தியை வகுப்பில் யாரையும்விட நன்றாக வாசித்தாள். நான் எதிர்பார்க்கவே இல்லை. கையெழுத்துக்காக மட்டும் அவளுக்கு நான்கு போட்டிருக்கிறார்கள். இன்னொரு பிள்ளையைக் கண் சோதனைக்கு அனுப்பியிருக்கிறேன், அது நான் இங்கே சொல்லாத பிள்ளை. முதல் பெஞ்சுக்கு மாற்றியதுமே நோட்டு வேறு மாதிரி ஆகிவிட்டது.

60 − 24-க்கு 44, 40, 46 மூன்றும் வந்தன. நான்காவதாக 84-ம் வந்தது ஐயா. அது என்ன?

பருவத் தேர்வு வருகிறது. மார்க் போட்டே ஆக வேண்டும், அது என் கையில் இல்லை. தாளை மட்டும் நானே தயாரிக்கலாம் என்றிருக்கிறார்கள். எப்படித் தயாரிப்பது?

---

ஒண்ணாங்கிளாஸ் வாத்தியார்:

84 எழுதியது கூட்டியிருக்கிறது. குறியைப் பார்க்கவில்லையா, கழித்தல் குறியே தெரியாதா என்று ஒரே கேள்வியில் கண்டுபிடிக்கலாம்: குறியைக் காட்டி ‘இது என்ன செய்யச் சொல்லுது?’ என்று கேளுங்கள்.

தாளுக்கு வருகிறேன். மார்க் போட்டே ஆக வேண்டும் என்றால் போடுங்கள், சண்டை வேண்டாம். எதற்குப் போடுகிறீர்கள் என்பது மட்டும் உங்களுக்குத் தெளிவாக இருக்கட்டும். தமிழில் பாதி மார்க்கை வாய்மொழிக்கு வையுங்கள்: பார்க்காத பத்தி வாசித்தல், இரண்டு கேள்வி, நீங்கள் வாசிக்கும் பத்தியைக் கேட்டுப் பதில் சொல்லுதல். தேர்வு நாளில் முப்பது பேரையும் கேட்க முடியாது, முந்தைய இரண்டு வாரத்தில் தினம் நான்கு பேரை எப்படியும் பார்க்கிறீர்களே, அந்தக் குறிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்துப் பகுதியில் பாடத்துக் கேள்வி பதில் ஒன்றிரண்டு போதும். மீதிக்குச் சொல் சொல்லி எழுதவைத்தல், ஒரு படம் கொடுத்து மனதில் தோன்றும் இரண்டு வரி. அந்தப் பெண்ணுக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள். யாராவது கேட்டால், வேகத்துக்கு இந்தத் தாளில் மார்க் இல்லை என்று சொல்லுங்கள்.

சொல் எழுதவைக்கும்போது சொற்களைக் கண்டபடி எடுக்காதீர்கள். படம் பட்டம், எரி ஏரி, கொடு கோடு, மனம் மணம் என்று ஜோடிக்கு ஒரு சொல்லாக எடுத்து, வாக்கியத்தில் வைத்துச் சொல்லுங்கள். எந்தக் குறிக்கு எந்தச் சொல் என்று உங்கள் பிரதியில் குறித்துவைத்தால் திருத்தும்போதே நோட்டு நிரம்பிவிடும்.

ஆண்டுத் தொடக்கத்தில் யாரும் எதையும் அளக்காததால் இந்தத் தாள்தான் உங்களுக்கு முதல் அளவு. தூக்கிப் போடாதீர்கள். கடைசிப் பருவத்தில் அதே அளவு கடினமுள்ள வேறு பத்தி, வேறு எண்கள் வைத்து இன்னொரு தாள் போட்டு, பிள்ளைக்குப் பிள்ளை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே தாளையே திரும்பக் கொடுத்தால் உங்கள் பையன் அதையும் மனப்பாடம் செய்திருப்பான்.

---

சாக்பீஸ்தூள்:

கடைசியாக ஒன்று ஐயா. கணக்குத் தாளில் ‘ரவியிடம் 60 கோலிகள் இருந்தன’ மாதிரி வாக்கியக் கணக்குகள் இருக்கின்றன. வாசிக்க வராத பிள்ளைகளுக்கு நான் கேள்வியை வாசித்துக் காட்டலாமா? அது உதவி செய்வதாகிவிடாதா?

---

ஒண்ணாங்கிளாஸ் வாத்தியார்:

தாராளமாக வாசியுங்கள், எல்லோருக்கும் சத்தமாக, இரண்டு முறை. அந்தத் தாளில் நீங்கள் பார்க்க நினைப்பது கழிக்கத் தெரிகிறதா என்று. வாசிக்க வராததால் கழிக்காமல் விட்ட பிள்ளைக்கும், கழிக்கவே தெரியாத பிள்ளைக்கும் ஒரே பூஜ்ஜியம் விழுந்தால் திருத்தி என்ன பயன்? ‘கழி’ என்ற சொல்லை மட்டும் நீங்களாகச் சேர்க்காதீர்கள். தாளில் உள்ளதை உள்ளபடி வாசியுங்கள், குரலிலும் ஜாடை காட்டாதீர்கள். தமிழ்த் தாளின் வாசிப்புப் பகுதியை மட்டும் யாருக்கும் வாசித்துக் காட்ட வேண்டாம்.